குரவைதான்

மருதமுனை,
12.08.2007

அன்புத் தம்பி றிஸ்மிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ராத்தா முனவ்வறா எழுதுகிறேன். இங்கே நான், உன் மச்சான் ஜவுபர், மகள் ஆதிலா எல்லோரும் அல்லாஹ்வின் காவலில் இருக்கிறோம். நீ சுகமா என்று கேட்கமாட்டேன். கேட்டால் சுகம் என்றுதான் எழுதுவாய். போன மாதம் நீ காய்ச்சலில் கிடந்த கதை, கொழும்புக்குத் தறியில் நெய்த சாரம் விற்கப் போன ஆட்கள் திரும்பி வந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

போனில் ஏசினால் சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்துக்குச் சிக்னல் தேவையில்லை. அதனால் இனி எழுதித்தான் ஏசப்போகிறேன். கிழித்துப் போட்டாலும் முழுக்க வாசித்துவிட்டுத்தான் கிழிப்பாய். உன்னை இடுப்பில் தூக்கித் திரிந்த எனக்கு உன் குணம் தெரியாதா?

நீ அனுப்பிய சீடி வந்து சேர்ந்தது. உறையின்மேல் உன் படம் வேறு. கண்ணை மூடி, தலையைச் சரித்து, ஒரு கையை ஆகாயத்துக்கு நீட்டிக்கொண்டு நிற்கிறாய். பல்பு மாற்றுகிறாயா என்று ஆதிலா கேட்டாள். அதற்குப் பிறகு எங்களுக்குப் பாட்டைக் கேட்கிற பொறுமை அவ்வளவாக இல்லை. ஆனாலும் சமையலை முடித்துவிட்டு உட்கார்ந்து கேட்டோம்.

முதல் மூன்றும் அந்த வெள்ளவத்தை வாத்தியாரிடம் படித்த கர்நாடக சங்கீதம் என்று எழுதியிருந்தாய். நல்லது. தெலுங்கில் பாடியிருக்கிறாய். எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, உனக்கும் விளங்கியிருக்காது. வாத்தியார் சொன்ன இடத்தில் நிறுத்தி, வாத்தியார் இழுத்த இடத்தில் இழுத்திருக்கிறாய். நாலாவதும் ஐந்தாவதும் ஹிந்துஸ்தானி. கர்நாடக வாத்தியாரை விட்டுவிட்டு இப்போது கொம்பனித்தெருவில் ஓர் உஸ்தாதிடம் போகிறாயாம். கர்நாடகத்தில் உனக்கு மூச்சு முட்டியதாம், ஹிந்துஸ்தானியில்தான் சுதந்திரம் இருக்கிறதாம். ஒரு வருடத்திலேயே மூச்சு முட்டிவிட்டதா தம்பி? ஊரில் ஆட்கள் சாரத்தை மாற்றுகிற கணக்கில் நீ உஸ்தாதை மாற்றுகிறாய். அந்தப் புது உஸ்தாதுப் பாட்டில் ஒரே ஒரு சொல்லை எடுத்து ரொட்டிக்கு மாப் பிசைகிற மாதிரிப் பிசைந்துகொண்டே இருந்தாய். உன் மச்சான் நடுவில் எழும்பி இறக்காமம் வயலுக்குப் போய், யானை வேலியைப் பார்த்துவிட்டு வந்தார். வந்தபோதும் அதே சொல்லில்தான் நின்றாய்.

என் ஏச்சைக் கேட்டு ராத்தாவுக்குப் பாட்டுத் தெரியாது என்று அங்கே யாருக்கும் சொல்லாதே. எனக்குத் தெரியாதுதான். ஆனால் உன்னைத் தெரியும். பாண்டிருப்புக் கோயில் திருவிழாவில் மதிலுக்கு வெளியே நின்று உடுக்கைச் சத்தம் கேட்டுவிட்டு வருவாய். உம்மா உன்னை ஈர்க்கு விளக்குமாற்றால் அடிப்பா. அடித்து முடித்துவிட்டு அடுப்படிக்குக் கூட்டிப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, என்னத்தைக் கேட்டாய், இப்பப் பாடிக் காட்டு என்பா. பாண்டிருப்புக் குணம் அண்ணனின் கசெட் கடையில் சிங்களப் பாட்டு, ஹிந்திப் பாட்டு என்று எது ஓடினாலும் அன்றைக்கே அது எங்கள் வீட்டு அடுப்படிக்கு வந்துவிடும். அந்த வயதில் யாரும் உனக்கு எந்த இசை எந்த வகை என்று சொல்லித் தரவில்லை. எல்லாவற்றையும் ஒரே தொண்டையில் வைத்திருந்தாய்.

மீலாத் விழாவில் நீ நபிப்புகழ் பைத் ஓதியது ஞாபகம் இருக்கிறதா? நபிகள் நாயகத்தின் பெயர் வருகிற இடத்தில் குரலை மேலே தூக்கினாய் என்றால் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கிழியும். உம்மா அகப்பையைக் கையில் பிடித்தபடி நின்றுவிடுவா. கறி அடிப்பிடித்ததும் உண்டு. இந்தச் சீடியில் ஐந்து பாட்டுக் கேட்டேன். ஐந்திலும், மேலே ஏற வேண்டிய இடம் வரும்போது, நீ மெதுவாகக் கீழே இறங்கிவிடுகிறாய். தாளம் தவறாமல், அழகாகத்தான் இறங்குகிறாய். ஆனால் ஏறவில்லை. பணிவு என்று யாராவது உன்னைப் புகழ்ந்தால் நம்பாதே.

ஊர்ச் செய்தி: சாமான் விலை ஏறிவிட்டது. கிழக்கைப் பிடித்தாயிற்று என்று றேடியோவில் நாள் முழுக்கச் சொல்கிறார்கள், ஆனாலும் பொழுது பட்டால் தெருவில் ஆள் இல்லை. நீ அங்கே அடையாள அட்டை இல்லாமல் வெளியில் இறங்காதே, தங்கியிருக்கிற அறைக்குப் பொலிஸ் பதிவு இருக்கிறதா என்று பார். எங்கள் குறுகிய ஒழுங்கையில் போன கிழமை ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வந்து இறங்கினார், பெண்கள் எல்லோரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சும்மா நின்றார்கள். சுனாமிக் கடல் வந்த நாளில் இருந்து இந்த ஒழுங்கையில் ஒரு பெண்ணும் நாக்கைச் சுழற்றிக் குரவை போட்டதில்லை. மீராமுகைதீன் ஹாஜியாருக்குப் பெரிய சந்தோஷம். குரவை போடுவது மார்க்கத்தில் இல்லை என்று பள்ளியில் தான் செய்த பயானுக்குப் பயந்து பெண்கள் திருந்திவிட்டார்கள் என்று நினைக்கிறார். திருந்தினோமாம். அவருடைய பயானை ஒழுங்காகக் கேட்ட ஒரு பெண்ணை அவர் காட்டட்டும் பார்ப்போம்.

பிறைக் கணக்கில் நவம்பரில் உம்மாவின் ஆண்டுக் கத்தம் வருகிறது. கடல் உம்மாவைக் கொண்டுபோன அடுத்த மாதமே பெட்டியைக் கட்டிக்கொண்டு போனவன் நீ. ஒரு கத்தத்துக்காவது வந்தாயா? இந்த முறையாவது வந்து ஒரு யாசீன் ஓது. பாடச் சொல்லி யாரும் கேட்கமாட்டோம்.

அல்லாஹ் உனக்கு நல்ல தொண்டையைத் தந்தான். அதை நீ பாவிக்க அவனே வழி காட்டட்டும்.

இப்படிக்கு,
உன் ராத்தா,
முனவ்வறா

•

மருதமுனை,
30.11.2008

தம்பி றிஸ்மிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஆண்டவன் கிருபையில் நாங்கள் இருக்கிறோம். இந்த முறை அன்புத் தம்பி என்று தொடங்கவில்லை. காரணத்தைக் கீழே எழுதுகிறேன்.

கத்தத்துக்கு நீ வரவில்லை. போன முறை காய்ச்சல், இந்த முறை ஹோட்டல் நிகழ்ச்சி. பரவாயில்லை, பிரபலமானவர்களுக்கு நேரம் கிடைக்காது. உஸ்தாதையும் விட்டாயிற்று, இப்போது சிங்களப் பையன்களோடு பைலா பாடுகிறாய். ஆதிலாவின் தோழி ஒருத்தியின் போனில் உன் பாட்டைப் பார்த்தோம். பளபள என்று ஒரு சட்டை. அந்தச் சட்டைத் துணியை இங்கே எந்தத் தறிக்காரரும் தொடக்கூடமாட்டார். பைலாவை நான் குறை சொல்லமாட்டேன். மட்டக்களப்புப் பறங்கியர் கல்யாணத்தில் வாப்பா அந்தக் காலத்தில் பைலாவுக்கு ஆடியிருக்கிறார் என்று உம்மாவே சொல்லிச் சிரித்திருக்கிறா. ஆட்டத்துக்கு என்று பிறந்த பாட்டு அது. அதை நீ சாவு விழுந்த மையத்து வீட்டில் நிற்கிறவன் முகத்தோடு பாடுகிறாய். காசு கொடுத்து ஆட வந்தவர்கள் பாவம்.

அடுத்த மாதம் வேறொரு கூட்டத்தோடு சேர்ந்து ரெப் பாடப்போகிறாயாம். ரெப் என்றால் என்ன என்று ஆதிலாவிடம் கேட்டேன். கோபமாக, வேகமாகக் கதைத்துக்கொண்டே போவது என்றாள். அப்படியானால் அதை நான் முப்பது வருடமாகச் செய்கிறேன். எனக்கு யாரும் மைக் தரவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை றேடியோவில் உன்னைப் பேட்டி எடுத்தார்கள். குணம் தன் கடையில் இருந்து போன் எடுத்துச் சொன்னார், ஒழுங்கையே எங்கள் வீட்டில் கூடியது. அந்த அறிவிப்பாளர் பெண் குழைந்து குழைந்து கேட்கிறாள், நீ இல்லாத குரலை எல்லாம் வரவழைத்துக் கதைக்கிறாய். எல்லா இசையும் என் வீடு என்றாய். பக்கத்து வீட்டுப் பெண் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். எல்லா இசையும் உன் வீடு என்றால் இந்த வீடு யாருடையது தம்பி? தண்ணீர் இடுப்பளவு நின்று சுவர் எல்லாம் உப்புப் பூத்த வீட்டை நானும் மச்சானும் சுரண்டிச் சுரண்டி வெள்ளையடித்தோமே, அதை ஒரு தடவை வந்து பார்த்தாயா?

அதைக்கூட விட்டுவிடலாம். உங்களுக்கு இந்தப் பலவகை இசையின் தூண்டுதல் எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்டாள். கடல் அலையின் ஓசையில் இருந்து என்று சொன்னாய். கடற்கரையில் பிறந்தேன், அலைதான் எனக்கு முதல் சுருதி போட்டது என்று சொன்னாய்.

நான் எழும்பிப் போய் றேடியோவை நிற்பாட்டினேன். பெண்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராகப் போனார்கள். அந்தக் கடலா உனக்குச் சுருதி போட்டது? நாக்குக் கூசவில்லையா? உம்மா கதவைச் சாத்திக்கொண்டு உன்னைப் பாடவைத்த அடுப்படியை அந்தப் பெண்ணுக்குச் சொல்ல உனக்கு வெட்கம். புகை பிடித்த அடுப்படி றேடியோவுக்கு அழகாக இருக்காது. கடல் என்றால் அழகு. இதை மட்டும் என்னால் மன்னிக்க முடியாது, முடிந்தால் பிறகு சொல்கிறேன்.

உன் கடைசிக் கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தாய். மேல் ஸாவைத் தொடும்போது உனக்குப் பயம் வருகிறது என்று உஸ்தாது சொன்னாராம், அதனால்தான் அவரை விட்டாயாம். வெள்ளவத்தை வாத்தியாரும் அப்படித்தான் சொல்லியிருப்பார். இந்தப் பைலாப் பாட்டிலும் உச்சிக்குப் போக வேண்டிய இடம் வந்ததும் நீ வாயை மூடிக்கொள்ள, அந்த இடத்தைப் பின்னால் நிற்கிற பெண் பாடுகிறாள். ஆக, நீ ஒரு இசையில் இருந்து இன்னோர் இசைக்குத் தாவுவது தாகத்தில் இல்லை. ஒவ்வொன்றிலும் ஏறு என்று சொல்கிற இடம் வருகிறது, அந்த இடம் வந்ததும் பெட்டியைக் கட்டுகிறாய். அதற்குத் தேடல் என்று பெயர் வைத்திருக்கிறாய். ரெப்பில் ஏறுகிற இடம் இல்லையாம், ஆதிலா சொன்னாள். அங்கேயாவது கொஞ்சநாள் நிற்பாய்.

ஏன் ஏற முடியவில்லை என்பது உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நாலு வருடமாக இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. நீ தொடங்கினால் நானும் தொடங்குவேன்.

ஆதிலாவுக்குக் கல்முனையில் இருந்து ஒரு சம்பந்தம் பேசி வருகிறார்கள். நல்ல மனிதர்கள், மாப்பிள்ளை ஆசிரியர். எல்லாவற்றுக்கும் தலையாட்டினவள் ஒன்றே ஒன்று கேட்கிறாள், தன்னுடைய கல்யாணத்தில் குரவை போட வேண்டுமாம். வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிற பெண்களுக்கு நடுவில் தன்னால் பெண்ணாக உட்கார முடியாதாம், அது மையத்து வீடு மாதிரி இருக்குமாம். ஒழுங்கைப் பெண்களிடம் கேட்டுப் பார்த்தேன். எல்லோரும் வேறு கதைக்கு மாறினார்கள்.

அங்கே சோதனைச் சாவடிகளில் வாயைக் கொடுக்காதே. சிங்களம் உனக்கு நன்றாக வருகிறது என்று மேலதிகமாக ஒரு சொல்லும் கதைக்கத் தேவையில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. அந்தச் சட்டையைப் போடாதே.

அல்லாஹ் உனக்கு வெட்கத்தைத் தருவானாக, ஆமீன். அதற்குப் பிறகு புகழைத் தரட்டும்.

இப்படிக்கு,
முனவ்வறா

•

மருதமுனை,
14.06.2009

அன்புத் தம்பி றிஸ்மிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம். நீ சுகமில்லை என்று உன் கடிதமே சொல்லிவிட்டது, அதனால் அதைக் கேட்கத் தேவையில்லை.

இத்தனை வருடத்தில் நீ ஒழுங்காக எழுதிய முதல் கடிதம் இதுதான். மற்றதெல்லாம் நோட்டீஸ். இதை இரண்டு தடவை வாசித்தேன், மச்சானுக்கும் வாசித்துக் காட்டினேன். யுத்தம் முடிந்தது என்று கொழும்பு வெடி கொளுத்திய அன்றைக்கு உங்கள் பைலாக் கூட்டம் கொடி கட்டிய லொறியில் ஏறியதாம், நீயும் ஏறினாயாம். தெருவெல்லாம் பாற்சோறு கொடுத்தார்களாம். ஒரு மாடிவீட்டுப் பக்கம் லொறி திரும்பும்போது மேலேயிருந்து பெண்களின் சத்தம் வந்ததாம். சந்தோஷத்தில் கத்துகிறார்களா, யாராவது செத்து அழுகிறார்களா என்று உனக்குப் பிடிபடவில்லையாம். பாடு பாடு என்று எல்லோரும் உன்னைத் தள்ள, நீ மைக்கைப் பக்கத்தில் நின்றவன் கையில் கொடுத்துவிட்டு, லொறியில் இருந்து குதித்து, அறைக்கு நடந்தே போனாயாம். கூட்டத்தில் இருந்து உன்னை நீக்கிவிட்டார்களாம்.

நீக்கட்டும். அந்தக் கூட்டமும் அதன் சட்டையும். ஒன்று சொல்கிறேன், தலையில் ஏற்றிக்கொள்ளாதே: நீ இதுவரை செய்த இசைக் காரியங்களில் எனக்குப் பிடித்தது அந்த லொறியில் இருந்து குதித்ததுதான்.

இங்கேயும் கல்முனைச் சந்தியில் வெடி கொளுத்தினார்கள். பாண்டிருப்பில் ஒரு கதவும் திறக்கவில்லை. குணத்தின் தம்பி கிசோக் வன்னியில் இருந்தவன், இன்னும் ஒரு செய்தியும் இல்லை. குணத்தின் மனைவி யசோதினியைப் பார்க்கப் போனேன். இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்தோம். வரும்போது உன் சீடி இன்னும் கடையில் இருக்கிறது என்றாள். வாங்க ஆள் இல்லை என்பதைச் சொல்லாமல் விட்டாள், நல்ல பெண்.

ஆனால் உன் கடிதத்தின் கடைசிப் பக்கம் இருக்கிறதே, அதற்கு வருகிறேன். உன் காதும் தொண்டையும் எதற்கும் உதவாதாம். இனி ஒரு பாட்டும் பாடமாட்டாயாம். கட்டாரில் ஏதோ ஒரு ஸ்டோரில் வேலை கிடைத்துவிட்டதாம், ஆதிலாவின் கல்யாணத்துக்கு முன்பே பிளேன் ஏறுகிறாயாம். கர்நாடகத்தை விட்டாய், ஹிந்துஸ்தானியை விட்டாய், பைலா உன்னை விட்டது. ரெப் என்ன ஆனது என்று எழுதவில்லை. இப்போது எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டுவிட்டு ஓடப் பார்க்கிறாய். ஓட்டத்தில் மட்டும் நீ தேறிவிட்டாய்.

சரி. நீ தொடங்கினால் நானும் தொடங்குவேன் என்று எழுதியிருந்தேன். அந்த மாடிவீட்டுச் சத்தத்தை எழுதி நீ தொடங்கிவிட்டாய். இனி நான் எழுதுகிறேன்.

கடல் வந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. கடற்கரைப் பக்கம், உம்மாவின் தங்கை அஸீஸா சாச்சி வீட்டில் கல்யாணம். காலையில் பெண்ணுக்குத் தண்ணீர் வார்க்க வேண்டும், முதல் குடம் வார்ப்பது மூத்தவ என்ற முறையில் உம்மாவின் உரிமை. நம் ஒழுங்கைப் பெண்கள் எல்லாம் நம் வீட்டு வளவில்தான் நின்றோம். உம்மா பலகாரத் தட்டை அடுக்கி அடுக்கிக் கலைத்து, பிந்திக்கொண்டு நின்றா. அப்போது கடல் பக்கம் இருந்து பெண்களின் சத்தம் வந்தது. நீளமாக, மெல்லிசாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறி வந்தது. எல்லோரும் உன்னைப் பார்த்தோம். சத்தம் என்றால் றிஸ்மியிடம் கேள் என்பது இந்த வீட்டு வழக்கம். தெருவில் போகிற மோட்டார் சைக்கிள் யாருடையது, தூரத்தில் பாங்கு எந்தப் பள்ளியில், எல்லாம் நீதான் சொல்வாய். நீ தலையைச் சரித்துக் கேட்டாய். குரவைதான் என்றாய்.

உம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. பாத்தியா, என்னெ உட்டுட்டுத் தொடங்கிட்டாளுகள் என்று சாச்சியை ஏசிக்கொண்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு, செருப்பும் போடாமல் கடற்கரைப் பக்கம் நடந்தா. நாங்கள் இங்கே நின்று பதில் குரவை போட்டோம். இதோ வருகிறோம் என்று பெண் வீட்டுக்குச் சொல்கிற குரவை. நான்தான் முதலில் போட்டேன், என் சத்தம்தான் பெரிய சத்தம். நாங்கள் போட்டு முடிக்கவில்லை, தண்ணீர் ஒழுங்கைக்குள் வந்தது.

இதுதான் நடந்தது. இதில் எழுதாமல் விட்டது ஒன்றுமில்லை. மையத்தை அடையாளம் காட்டியதும் நீதான், கபுறுக் குழியில் இறங்கியதும் நீதான். அடுத்த மாதம் போய்விட்டாய்.

இனி நான் சொல்வதைக் கேள். அந்தக் கடலை நீயா கூப்பிட்டாய்? குரவைதான் என்று நீ சொன்னதால் அது வந்ததா? நீ சொல்லாமல் இருந்திருந்தால் கல்முனையும் மருதமுனையும் தப்பியிருக்குமா? அவ்வளவு பெரிய ஆளா நீ? ஒரு பைலாக் கூட்டத்தில்கூட உன்னை வைத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள், கடல் உன் சொல்லைக் கேட்டதாக்கும். கர்வம் பிடித்தவனே. கல்யாண நாளில் கல்யாண வீட்டுப் பக்கம் இருந்து பெண்களின் சத்தம் வந்தால் அது குரவைதான். அந்த ஒழுங்கையில் நின்ற எல்லோருக்கும் அப்படித்தான் கேட்டது. நாங்கள் உன்னைக் கேட்டது வெறும் பழக்கத்துக்கு. உம்மா உன் பேச்சில் போகவில்லை, தன் கோபத்தில் போனா. அந்தக் கோபத்தை நிறுத்த வாப்பாவாலேயே முடிந்ததில்லை, பதினெட்டு வயதில் உன்னால் முடிந்திருக்குமா? அதைக் குற்றம் என்று கட்டித் தூக்கிக்கொண்டு, வெள்ளவத்தைக்கும் கொம்பனித்தெருவுக்கும் திரிந்து, இப்போது கட்டாருக்கும் கொண்டுபோகப் பார்க்கிறாய்.

உனக்கு ஒரு செய்தி. அந்தச் சத்தம் உனக்கு மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறாய். இந்த ஒழுங்கைப் பெண்கள் ஏன் குரவை போடுவதில்லை என்று நினைக்கிறாய்? மீராமுகைதீன் ஹாஜியாருக்காகவா? வாயைத் திறந்தால் குரவை வருமா, அன்று கடலைக் கண்டவர்களின் அலறல் வருமா என்று பயம். உனக்கு மேல் ஸாவில் இருக்கிற பயம்தான். நாங்கள் அதற்காக ஊரை விட்டு ஓடவில்லை. வீட்டில் வேலை கிடந்தது.

ஆதிலாவின் கல்யாணம் நோன்புக்கு முந்தின மாதம் என்று முடிவாகிவிட்டது. அவள் தன் பிடிவாதத்தை விடவில்லை. நான் ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டேன். கடைசியில் ஒருத்தி வாய் திறந்தாள். முனவ்வறா, நீ தொடங்கினாலும் அது குரவையா அழுகையா என்று எங்களுக்கு எப்படித் தெரியும், அழுகையாக இருந்தால் நாங்களும் சேர்ந்து அழுதுவிடுவோம், உன் மகளின் கல்யாணம் கெட்டுவிடும் என்றாள். நியாயமான பேச்சு. வீட்டுக்கு வந்து யோசித்தேன். பதில் உன்னிடம்தான் இருக்கிறது.

நீ வா. பாட வேண்டாம். கர்நாடகம் வேண்டாம், ஹிந்துஸ்தானி வேண்டாம், அந்தச் சட்டையும் வேண்டாம். மாப்பிள்ளை வந்து இறங்கும்போது நீ வாசல் கடப்படியில் நில், தாய்மாமன் நிற்க வேண்டிய இடம் அதுதான். நான் தொடங்குவேன். கடல் வந்த காலையில் போட்டதுதான் கடைசி, அதற்குப் பிறகு இந்தத் தொண்டையை நான் ஏசுவதற்கு மட்டும்தான் பாவித்திருக்கிறேன், என்ன சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. உடைந்து வரலாம். அழுகை மாதிரியும் வரலாம். பெண்கள் எல்லோரும் முன்பு மாதிரி உன்னைத்தான் பார்ப்பார்கள். நீ தலையைச் சரித்துக் கேட்டுவிட்டு, அன்று சொன்ன அதே சொல்லைச் சொல். உரக்கச் சொல். நீ சொன்னால் அவர்கள் போடுவார்கள். ஹாஜியாரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு நீ கட்டாருக்குப் போ, ரெப் பாடு, ஒன்றும் பாடாமல் இரு, உன் இஷ்டம். கட்டார் எங்கேயும் போய்விடாது. ஆதிலா ஒரு தடவைதான் பெண்ணாக உட்காருவாள்.

அந்த றேடியோப் பேட்டியை மன்னிக்க முடிந்தால் பிறகு சொல்கிறேன் என்று எழுதியிருந்தேன். நீ வந்து அந்த அடுப்படியில் ஒரு வாய் சோறு தின்றால் மன்னிப்பேன். உனக்குப் பிடித்த மாதிரிக் கணவாய்க் கறி வைக்கிறேன். அடிப்பிடிக்க விடமாட்டேன். நீ குரலில் மேலே ஏறினால் மட்டும் சொல்ல முடியாது.

ரஹ்மானே, என் தம்பியின் காதைச் சுகமாக்கு. நான் போடுகிற சத்தத்தை அவன் குரவை என்று கேட்கச் செய். ஆமீன், ஆமீன்.

வந்துவிடு றிஸ்மி.

இப்படிக்கு,
கடப்படியைப் பார்த்தபடி,
உன் ராத்தா